அறுபது என்று சொன்ன வாய்

1954 ஜனவரி 5, செவ்வாய்

ஸ்ரீரங்கப்பட்டணம் சவாரி முடிந்து திரும்பும்போது போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்திவிட்டார். முப்பது மைலில் போக வேண்டிய இடத்தில் முப்பத்தைந்தாம். மைசூர் ராஜ்ஜியத்திலேயே என்னைப் போல டாக்சி ஓட்ட ஆளில்லை — பொறாமை. கோர்ட்டில் அபராதம் கட்டினால் தீர்ந்தது.

மாலை ஜெசிந்தா வந்தாள். காலமான அக்காளின் ஒரே மகள். அடுத்த மாதம் எட்டாம் தேதி கலியாணம். கோயிலுக்கு நான்தான் ஓட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய ஐந்து வயதில் போட்ட ஒப்பந்தம். அப்போதெல்லாம் முன்சீட்டில் ஏறி நின்று, "மாமா, எவ்ளோ வேகம்?" என்பாள். "நூறு" என்பேன். குழந்தை, நம்பும். இன்றும் விளையாட்டுக்குக் கேட்டாள். இன்றும் நூறுதான்.

ஜனவரி 12

மூன்று மாதம்.

ஜனவரி 13

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முதலாளி கேசவமூர்த்தி படித்துப் படித்துச் சொன்னார்: "தப்பாயிடுச்சு ஸ்வாமின்னு சொல்லு. வேற வாயே திறக்காதே." கோர்ட்டில் அப்படித்தான் நின்றேன். முப்பத்தைந்து என்று போலீஸ்காரர் சொன்னதும் பின்னாலிருந்து ஒருவன், "அந்த ஓட்டை வண்டியா? தள்ளிவிட்டாக்கூட முப்பத்தஞ்சு போகாதே!" என்றான். கோர்ட்டே சிரித்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ — "அறுபது ஸ்வாமி! நான் ஓட்டினா அறுபது!"

மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று லைசென்ஸிலேயே எழுதிவிட்டார்கள். பித்தளை டிரைவர் பில்லையையும் வாங்கிக்கொண்டார்கள். காக்கிச் சட்டையில் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுசாக இருக்கிறது.

நாற்பது தாண்டினால் அந்த வண்டிக்கு மூச்சு முட்டும். எனக்குத் தெரியாதா? எதுக்குடா சொன்னே? எதுக்கு?

ஜனவரி 17, ஞாயிறு

பூசையில் ஜெசிந்தாவின் கலியாணத்துக்கு முதல் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். வெளியே வந்ததும் அவள் அப்பா பர்னபாஸ் அத்தானிடம், ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாக இழுத்தேன்.

"மாப்பிள்ளைக்கு ஜபல்பூருக்கு மாத்தல் வந்தாச்சு. தபசு காலம் தொடங்கிட்டா ஈஸ்டர் வரைக்கும் கலியாணம் கிடையாது, அதுக்குள்ள முடிக்கணும். உன் லைசென்ஸுக்காகக் கோயில் காலண்டரைத் திருத்தச் சொல்லவா, மச்சான்?"

ஜெசிந்தாவிடம், கை சுளுக்கு, ஓட்ட முடியாது என்றேன். மாதேஸ்வரன் மலைக் காட்டில் புலி குறுக்கே வந்தது, ஒரே திருப்பாகத் திருப்பினேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். எப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பவள். சிரிக்கவில்லை. சட்டையில் பில்லை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8, திங்கள்

முதலாளியின் இன்னொரு டிரைவர் ஜடையன்தான் கலியாண வண்டியை ஓட்டினான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் நான். தேவராஜ மொஹல்லா நெரிசலில் என் கால் தானாகப் பலகையை மிதித்தது. பிரேக் இந்தப் பக்கம் இல்லை.

கோயில் கோபுரம் தெரிந்தபோது பின்சீட்டிலிருந்து, வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல்:

"மாமா, எவ்ளோ வேகம்?"

வாய் வரைக்கும் வந்தது நூறுதான்.

"பதினஞ்சு, கண்ணு" என்றேன்.

வீட்டிலிருந்து அழாமல் வந்தவள் அப்போதுதான் அழுதாள்.