சீப்புத் தவளை

அம்மா,

கடையில் சீப்புகளைக் கழுவுவது என் வேலை. மருந்துத் தண்ணீரில் ஊறிக் கிடப்பவற்றை எடுத்து, துவாயில் ஒற்றி, பற்களுக்குள் முடி சிக்கியிருக்கிறதா என்று பெருவிரல் நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். க்ர்ர்ரீக். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் என் முகம் சூடாகிவிடும். அழகுநிலையம் நடத்தும் அன்ரி ஒருநாள் கவனித்துவிட்டார். "என்ன பிள்ளை, ஆம்பிளையைக் கண்டு வெக்கப்படுறவையைப் பாத்திருக்கிறன். நீ சீப்பைக் கண்டு வெக்கப்படுறாய்!" நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

போன கிழமை அந்தச் சத்தத்தால் ஒன்று நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பில் விஞ்ஞான ஆசிரியை தந்த வேலை ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளமோ சதுப்போ தேடி, பனி உருகிய பிறகு பொழுதுபடும் நேரங்களில் போய், மூன்று நிமிடம் அசையாமல் நின்று, எந்தெந்தத் தவளை கத்துகிறது என்று கேட்க வேண்டும். இந்த நாட்டுத் தவளைகளின் குரல்கள் பதிந்த கஸெற் ஒன்றும் தந்தார். எல்லாம் முடிந்ததும் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்றில், உங்கள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கஸெற் ஓடியது. நீங்கள் கட்டுக்கட்டாக ஜீன்ஸ் பொக்கற்றுகள் தைத்துக்கொண்டே அதைப் பாடமாக்கிவிட்டீர்கள். ஆங்கிலப் பெயர்கள் உங்கள் வாயில் நிற்கவில்லை. அதனால் நீங்களே பெயர் வைத்தீர்கள். சீப்பின் பல்லை நகத்தால் இழுத்ததுபோல் கத்துவது சீப்புத் தவளை. தாரா போலக் கத்துவது தாராத் தவளை. பெருவிரல் நகமளவே இருந்துகொண்டு ஊரைக் கூட்டுவது குஞ்சுத் தவளை. உடம்பெல்லாம் புள்ளி போட்ட தவளையின் குரலைக் கேட்டதும் மெசினை நிற்பாட்டிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "இது கொப்பர் எல்லே!" ஒஷாவாவில் இரவு வேலை முடித்து வந்த அப்பா உள்ளறையில் நித்திரை. சுவருக்கு இந்தப் பக்கம் தவளையும் அந்தப் பக்கம் அப்பாவும் மாறி மாறிக் குறட்டை விட்டார்கள்.

தேரைக்கு மட்டும் உங்கள் வீட்டில் இடமில்லை. அதன் நீண்ட, நடுங்கும் குரல் தொடங்கியதும் எழுந்துபோய், அந்த இடம் கடக்கும்வரை கஸெற்றை வேகமாக ஓடவிட்டீர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஏணைத் தொட்டிலுக்குள் தேரையொன்று பாய்ந்து என்மேல் பட்டதாம். அன்று தொடங்கித்தான் நான் மெலிந்தேனாம், வாயும் அடைத்துப் போனதாம். "உன்ர சதையையும் கொண்டு போச்சு, கதையையும் கொண்டு போச்சு." இது வேறு நாட்டுத் தேரை என்று நான் சொன்னபோது, "விசா மாறினால் குணம் மாறுமோ?" என்று கேட்டீர்கள்.

ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் அப்போது இன்னும் வயல்கள் இருந்தன. வீடு கட்டக் கிளறிப் போட்ட மண்ணுக்கும் சோள வயலுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் உருகிய பனித் தண்ணீர் நின்றது. ஓரமெல்லாம் சம்புப் புல். மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பது உங்களுக்குப் பெரும்பாடு. முதல் நாள் மூன்று தரம் கெடுத்தீர்கள். பிறகு கழுத்துச் சால்வையின் நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் சும்மா நின்றேன். எங்களைக் கண்டு அடங்கிய தவளைகள், முதலில் ஒன்று, பிறகு மூலையில் இன்னொன்று, பிறகு காது அடைக்கிறமாதிரி எல்லாமாகத் தொடங்கின. நேரம் முடிந்ததும் சால்வையை எடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நீ இதுக்கெண்டே பிறந்தனி, பிள்ளை."

என் பேசாமை ஒன்றுக்கு உதவும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மே மாதத்தில் பள்ளத்திலும் தேரை தொடங்கியது. நீங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீதிப் பக்கம் ஓடிப்போய் நின்றீர்கள். நான் நின்று முழுவதும் கேட்டேன். அது அவ்வளவு அழகாக இருந்தது என்று உங்களிடம் சொல்லப் பயம்.

அதற்கு முன்னால், ஏப்ரல் தூறலில் ஒரு மாலை, வழியில் ஏதோ ஊர்ந்தது. "அரணை! அரணை! எட்டப் போடி!" என்று கத்தி, என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தீர்கள். அரணை கடித்தால் ஆள் தப்பாது என்று கேட்டு வளர்ந்தவர் அல்லவா. நான் குனிந்து பார்த்தேன். கறுத்த உடம்பில் நீலப் பொட்டுகள், நனைந்து மினுங்கின.

"அரணை இல்லை அம்மா. சலமாண்டர். தவளைக்குச் சொந்தம். பாருங்கோ, செதிலே இல்லை."

"என்ன சத்தம் போடும்?"

"சத்தம் போடாது. அதுக்குக் குரல் இல்லை."

நீங்கள் மெதுவாகக் கிட்ட வந்தீர்கள். "அப்ப இது உன்ர ஆள்."

அன்று முதல் வீட்டில் நான் அரணை. "அரணை, சாப்பிட வா." "அரணைக்குத் தலை இழுத்துவிடட்டே?" எனக்கு அது பிடித்திருந்தது, அம்மா. வீட்டுக்குள் இருக்கும்வரை.

பேச வேண்டிய நாளன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அஜின்கோர்ட் கடைத்தொகுதியில் ஒரு வாங்கில் பகல் முழுவதும் குந்தியிருந்துவிட்டு வந்தேன். அதற்குள் ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். அவர் சொன்னதில் மகள், தவளை, பேச்சு என்ற மூன்று சொற்கள்தான் உங்களுக்கு விளங்கின. அவ்வளவும் போதுமாக இருந்தது. நீங்கள் ஏசவில்லை. மறுநாள் காலை நல்ல சேலை ஒன்றை உடுத்து, மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ்ஸில் ஏறினீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன்.

வகுப்பு வாசலில் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "மை டோட்டர் ஷை. ஐ டூ." அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தீர்கள். சீப்புத் தவளை வந்தது. தாராத் தவளை வந்தது. குஞ்சுத் தவளை கீச்சிட்டது. அப்பாவின் குறட்டை வந்தபோது வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. கடைசி வரிசையில் நான் மேசைக்குள் புதைந்துகொண்டிருந்தேன். ஆசிரியை கரும்பலகையில் இருந்த தேரையின் பெயரைக் காட்டினார். நீங்கள் கையை விரித்து ஆட்டி, "நோ, நோ. பாட் ஃபோர் பேபி" என்றீர்கள். மேசைகளில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பிறகு சுட்டுவிரலை உதட்டில் வைத்து, ஆடாமல் அசையாமல் நின்றீர்கள். வகுப்பும் அடங்கிக் காத்திருந்தது.

"சலமாண்டர்," என்றீர்கள். "நோ டோக்." பிறகு கையை நீட்டி, முகமெல்லாம் பெருமையாக என்னைக் காட்டினீர்கள். "மை டோட்டர்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

அன்று பின்னேரம் மெசினில் இருந்தபடி சொன்னீர்கள்: "எப்பிடிச் சிரிச்சவை, என்ன! நல்ல பிள்ளையள்." நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அது தொடங்கியது. நடைபாதையில் நான் போகும்போது லொக்கர்களுக்குப் பின்னாலிருந்து க்ர்ர்ரீக். படியில் க்ர்ர்ரீக். சாப்பாட்டு அறையில் நான் தட்டோடு நடக்க, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அது தொடர்ந்து வந்தது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடை விடுமுறை வரை இழுத்தேன். பதினாறு முடிந்ததும், "படிப்பு ஏறேல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாமல் நின்றுகொண்டேன்.

நீங்கள் அழுதீர்கள். பிறகு தேரையைத் திட்டினீர்கள். "அண்டைக்கு அது கஸெற்றில கத்தேக்குள்ளேயே என்ர நெஞ்சு சொன்னது." நான் மறுக்கவில்லை. உங்களால்தான் வெட்கப்பட்டேன், உங்களால்தான் போகவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? பழியைத் தேரையே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீங்கள் அந்த வகுப்புக் கதையை விடவில்லை. ஒவ்வொரு தாதிக்கும் சீப்பை எடுத்துக் காட்டி, "மை டோட்டர் ஸ்கூல்" என்று தொடங்குவீர்கள். குரல் அடங்கிப்போன கடைசி நாட்களில் என்னைக் கூப்பிடவும் சீப்பைத்தான் இழுத்தீர்கள். யன்னலோரம் நிற்கும் எனக்கு அது கேட்கும். கேட்டதும் நான் முதலில் பக்கத்துக் கட்டிலைப் பார்ப்பேன், அங்கே யாராவது சிரிக்கிறார்களா என்று. அதற்குப் பிறகுதான் உங்களிடம் வருவேன். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தேன். இதை எழுதும்போது பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன்.

போன கிழமை கடைக்குப் புருவம் எடுக்க ஒரு பெண் வந்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அன்ரி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நான் பின்னால் நின்று ஒரு சீப்பை இழுத்தேன். அவள் விறுக்கென்று எழும்பிவிட்டாள்.

"ஓ மை கோட்! நீ ஃப்ரொக் அன்ரியின்ர மகள் தானே?"

அதே வகுப்பில், எனக்கு முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பெண். பாதிப் புருவம் சிவந்திருக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன் நீ எங்களோட கோபம்? எத்தினை நாள் சீப்பால ஹாய் சொன்னனாங்கள்! நீ கதைக்கமாட்டாய் எண்டு தெரியும். அதாலதானே அப்பிடிச் சொன்னது. நீ ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கேல்லை. நாங்கள் நினைச்சம், நீ சரியான பெருமைக்காரி எண்டு."

மூன்று நிமிடம் நின்று, இருட்டுக்குள் கத்துவது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் நான். அந்த நடைபாதையில் ஒரேயொரு தரம் நின்று கேட்டிருக்கலாம். அவர்கள் சிரித்ததைக் கேட்டு, நல்ல பிள்ளைகள் என்று நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள். இங்கிலீஷ் தெரியாத உங்களுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

"அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை," என்றேன். "போன வருசம் செத்துப் போனா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்: "அண்டைக்கு ஒண்டை மட்டும் அவ செய்யேல்லை என்ன? பேபிக்குக் கூடாது எண்டு. அது எப்பிடிக் கத்தும்?"

தெரியாது என்று தலையாட்டத்தான் நினைத்தேன். சீப்பை வைத்தேன். உதட்டைக் குவித்து, விசிலையும் முனகலையும் ஒன்றாக விட்டேன். அது வந்தது, அம்மா. மெல்லியதாகத் தொடங்கி, நடுங்கி நடுங்கி, மூச்சு முடியும்வரை நீளமாக, அந்தப் பள்ளத்தில் நான் தனியாக நின்று கேட்டது போலவே. முடி உலர்த்தும் மெசினுக்குக் கீழே இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். அன்ரியின் பல்லிலிருந்து நூல் நழுவி விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

உங்கள் சீப்பு என் ஏப்பிரன் பொக்கற்றில்தான் இருக்கிறது. உங்கள் தவளைகள் ஒன்றும் எனக்குச் சரியாக வருவதில்லை. அது மட்டும் பழகாமலே வந்தது. தேரை பட்ட பிள்ளை அல்லவா.