நானூற்று எண்பது நாள்

3-10-94, திங்கள்
ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மில்லில் தற்காலிகத் தொழிலாளர் பன்னிரண்டு பேரின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். மாலையில் அசல், பிரதி என்று இரண்டு ஃப்ளாப்பியில் சேமித்து, காலையில் திரும்ப ஊட்ட வேண்டும். மறதியுள்ள அதிகாரிகள் ஏற்கெனவே மூவர் உண்டு, இது நாலாவது.

பழைய வருகைப் பதிவேடுகளை எடைக்குப் போட்டாயிற்று. யோசனை என்னுடையது.

12-10-94
நூல் சுற்றும் ரீலிங் பிரிவு சுடலையம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எனக்கு எம்புட்டு நாளாச்சு?"

இன்றோடு 478. இரண்டு வருடத்துக்குள் 480 ஆனால் சட்டப்படி வேலை நிரந்தரம்.

13-10-94
ஆயுத பூஜை. இன்றும் நாளையும் வேலை கிடையாது. மெஷினுக்கு மாலை. பொரி நன்றாக இருந்தது.

15-10-94, சனி
ஃப்ளாப்பி ஏறவில்லை. கைவிடவா, மறுபடி முயலவா, தோற்கவா என்று மெஷின் கேட்கிறது. எனக்கு இதுவரை யாரும் மூன்று வழி காட்டியதில்லை.

வெளியே எடுத்துப் பார்த்தேன். அட்டையில் கண்போல ஒரு திறப்பு, மெஷின் அது வழியாகத்தான் படிக்கும். அதை நெற்றி என்று நினைத்து, சரியாக அங்கேயே சந்தனம், குங்குமம். அட்டெண்டர் தனுஷ்கோடி அசல், பிரதி என்று பாரபட்சம் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் வச்சேன் சார். இது மட்டும் மூளியா இருக்கணுமாக்கும்?"

மேனேஜர் சேதுபதியிடம் சொன்னேன். "போனது போச்சு. பன்னெண்டு பேருக்கும் ஒண்ணுலருந்து எண்ணுங்க" என்றார். பூஜை பலித்தவர் முகம்.

16-10-94
பிரதியையாவது வீட்டுக்குக் கொண்டாந்திருக்கலாம்ல? கொண்டாரல. சுடலையம்மாகிட்ட என்னத்தச் சொல்லுவேன் — சந்தனம்னா?

17-10-94
சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"அந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான் வச்சிருந்தியளா?"

18-10-94
ஒரு கம்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தினமும் வாசலில் தேதியும் முத்திரையும் போட்டுக் கொடுக்கும் கேட் சீட்டுகள். எல்லோரும் வெளியே போகும்போது கிழித்துப் போடுவது. இவள் குத்தி வைத்திருக்கிறாள். எண்ணினேன். நேற்றோடு 480.

"எதுக்கும்மா சேத்து வச்சே?"

"ஒங்க மில்லுல ஆளே நெலையில்ல. பொட்டி நெலைக்குமா?"

அத்தனையும் மறுபடி ஏற்றினேன். மேனேஜர் செல்லாது என்றார். "முத்திரை நம்முடையது சார். செல்லாது என்று எழுதிக் கொடுத்தால் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்" என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை.

மற்ற பதினொரு பேருக்கு இன்று மூன்றாம் நாள்.

1-11-94
சுடலையம்மாளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. இப்போது வருகைக் கணக்கை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருப்பதாகச் சொன்னேன்.

"நல்லது அண்ணாச்சி. கம்பி எங்கிட்டயே இருக்கட்டும்."

மாலை பஜாரில் பதினொரு கம்பி வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு" என்றேன்.