மழையைத் தவிர வேறொன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போய் வந்த முதுகுவலி குறைந்ததா?

போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன். இங்கே கொழும்பில் மாதா கோயில் மண்டபத்தில், வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்களை ஒரு சிஸ்டர் சனி மாலையில் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. குடிக்கச் சுடச்சுடப் பிளேன்டி கிடைக்கும் என்றுதான் போனேன்.

என் முறை வந்ததும், "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. பிறகு தானாக வந்துவிட்டது: "அம்மா போனதிலேருந்து அப்பாகிட்ட மழை பெய்யுதான்னு மட்டும்தான் கேக்கிறேன்."

பக்கத்திலிருந்த பேக்கரிக்காரர் தலையாட்டினார். "நான் மகள்கிட்ட நாய் சாப்பிட்டிச்சான்னு கேப்பேன் தம்பி."

எல்லோரும் சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நம் லிந்துலையிலிருந்து யாராவது இங்கே வந்தால் அம்மாவின் கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வெக்கைதான். இருந்தாலும் அனுப்புங்கள்.

முதலாளி கடையைத் திறந்துவிட்டார், போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் எடுப்பேன். மழையைப் பற்றிக் கேட்க மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். நல்லாத்தான் இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகன்
றொக்சன்