இரவல் சங்கிலி

நேற்று மத்தியானம் உன் மகள் வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் பிள்ளை. உள்ளே வா என்றால் வரவில்லை. வாசல் கிரிலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்தத் தங்கக் கோடு போட்ட கப் செட்டு இன்னும் வச்சிருக்கீங்களா? நாளைக்குக் காலையில வெல்ஃபேர்லேர்ந்து வீடு பார்க்க வர்றாங்க. எங்ககிட்ட எல்லாம் பிளாஸ்டிக்குதான்."

"அது எப்பவோ ஒடைஞ்சு போச்சும்மா" என்றேன். பொய். ஆறு கப்பும் ஆறு சாசரும் அலமாரிக்கு மேலே பழைய பேப்பரில் சுற்றியபடியே இருக்கின்றன. நீ கழுவித் துடைத்துச் சுற்றிக் கொடுத்த அதே பேப்பர். நீ போய் ஆறு வருடம் ஆகிறது, நான் அதைப் பிரிக்கவே இல்லை. அவள் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். பிரித்தால் உன் வீட்டுச் சோப்பு வாசம் வரும் என்று ஓர் அசட்டு நினைப்பு. கரப்பான் வாசம்தான் வந்தது.

உனக்கு நினைவிருக்கும். தெப்ராவில் ஒரே ஃபேக்டரி, ஒரே பஸ், கடைசி சீட்டு. பிறகு இந்த ஃபிளாட்டில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. உன் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பமும் வைத்துக்கொண்டார். நீ ஒரு நாள் அழுதாய். மறுநாள் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தாய். அப்புறம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஃபேக்டரி வேலை போயிற்று. தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிற்று, தாலி மட்டும் மஞ்சள் கயிற்றில் தொங்கியது. உன் மகளோ அப்போதுதான் ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

உதவிக்கு மனு போடு என்று உன்னை இழுத்துக்கொண்டு போனது நான்தான். நீ வரமாட்டேன் என்றாய். "கேட்டு வாங்குற சோறு தொண்டையிலயே நிக்கும்டி" என்றாய். "கேக்காம இருந்தா தொண்டைக்கே வராது, வா" என்று நான் திட்டினேன். அடையாள அட்டை நகல், ஆஸ்பத்திரிக் கடிதம், தண்ணி பில், கரண்ட் பில், எல்லாம் நகலெடுத்துக் கொடுத்தோம். அந்தப் பணம் வந்தால் டயாலிசிஸுக்கும் போகவர வேனுக்கும் சரியாக இருக்கும். அவ்வளவுதான் நீ இந்த அரசாங்கத்திடம் எதிர்பார்த்தது.

வீடு பார்க்க அதிகாரி வருகிறார் என்று ஃபோன் வந்ததும் நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷி வருகிறாள், வீடு கோணலாக இருக்கலாமா? அதுதான் நமக்குத் தோன்றியது. என் வீட்டு ஜன்னல் துணியைக் கழற்றி உன் வீட்டில் மாட்டினேன். என் மேசை விசிறி உன் ஹாலுக்கு வந்தது. தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் கப் செட்டு வந்தது. கடைசியில் உன் கழுத்தைப் பார்த்தேன். "வர்றவங்க முன்னாடி வெறும் கயித்தோட நிக்காதே" என்று என் சங்கிலியைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டேன். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையை மறைக்க நீயே முழுக்கைச் சட்டை தேடிப் போட்டுக்கொண்டாய்.

கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாய். "அலமாக்! இப்ப என்னைப் பார்த்தா எனக்கே உதவி கொடுக்கத் தோணாதுடி" என்றாய். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் மகள் எட்டிப் பார்த்து, "என்னாலா, ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றாள்.

வந்த அதிகாரியம்மா, நாம் புவான் என்று கூப்பிட்டவள், நல்லவள். அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள், தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள், வீடு எவ்வளவு சுத்தம் என்று மலாயில் மெச்சினாள். பிறகு ஃபோனை எடுத்து ஹாலை, ஜன்னலை, விசிறியைப் படம் பிடித்தாள். உன்னையும் பிடித்தாள். "இது தங்கமா, அக்கா?" என்று கேட்டாள். நீ ஒரு நொடிதான் தயங்கினாய். "ஆமாம், புவான்" என்றாய்.

நான் உன் அடுப்படியில் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. இரண்டு எட்டு வெளியே வந்து, "அது என்னோடது புவான், இவகிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. ஃபேக்டரியில் சூப்பர்வைசரிடமே வாய்க்கு வாய் பேசியவள் நான். ஆனால் உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. கவுண்டரில் போய்க் கேட்டோம். அங்கிருந்த பையன் ஃபைலைத் திருப்பிக் காட்டினான். அதில் என் ஜன்னல் துணி, என் விசிறி, என் சங்கிலி. உன்னுடையது என்று அந்தப் படத்தில் இருந்தது உன் முகம் மட்டும்தான். மேல்முறையீடு செய்யலாம், அந்தப் பொருள்கள் உங்களுடையவை அல்ல என்று எழுதிக் கொடுங்கள் என்றான். நீ பையை மூடினாய். "நான் பொய்க்காரின்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? வேணாம் வா, போலாம்" என்றாய். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்கள். நீ எறியவில்லை. நான் பிடுங்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகு டயாலிசிஸ் நாளான சனிக்கிழமைகளிலும் நீ வீட்டில் இருந்தாய். கேட்டதற்கு, "டாக்டர் வாரத்துக்கு ரெண்டு போதும்னுட்டாரு" என்றாய். நான் நம்பினேன். சந்தோஷம்கூடப் பட்டேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் உட்கார்ந்து சீரியல் பார்த்தோம். உன் கால் வீங்கியதைப் பார்த்தேன், முகம் உப்பியதைப் பார்த்தேன். மூச்சு வாங்கிய அன்று ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் உன்மேல் போர்வையை இழுத்து மூடிவிட்டார்கள்.

உன் மகள் மேலே படிக்கவில்லை. பேக்கிங் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்தாள். போன மாதம் அவள் புருஷனுக்கு மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குத்தான் இந்த மனு.

இன்று காலை அதிகாரி வருவதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். கேட்காமலே உட்கார்ந்துகொண்டேன். கப் கிடைக்காவிட்டால் என்ன, கீழ்வீட்டிலிருந்து சோபா உறையும் ஒரு விசிறியும் வந்திருந்தன. ரத்தம் அப்படியே உன் ரத்தம். இந்த முறை வந்தவர் ஒரு இளம் அதிகாரி. அவர் ஃபோனை எடுத்ததும் நான் எழுந்தேன். "துவான், அந்த விசிறி இவங்களோடது இல்ல. உறையும் இல்ல. ரூமுக்குள்ள வாங்க, இவ புருஷன் அடிபட்டுப் படுத்திருக்கிற மெத்தையைப் படம் புடிங்க" என்று எனக்குத் தெரிந்த மலாயில் உடைத்துச் சொன்னேன். உன் மகள் முகம் கறுத்துவிட்டது. அதிகாரி உள்ளே போய் மெத்தையைப் படம் பிடித்தார். எதையோ எழுதினார். பிளாஸ்டிக் கப்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். கிடைக்குமா கிடைக்காதா, தெரியாது.

கதவைச் சாத்திவிட்டு உன் மகள் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்றுதான் நினைத்தேன். மெதுவாகக் கேட்டாள்.

"இதை அன்னிக்கு எங்கம்மாவுக்காகச் சொல்லிருக்கலாமே, ஆன்ட்டி?"

சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன், அதுதான் என் குற்றம் என்று. ஆனால் அவள் கண் என் முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கி என் கழுத்தில் கிடந்த அதே சங்கிலியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சங்கிலியை உனக்கு ஒரு நாள் போட்டு அழகு பார்க்கத் தெரிந்தது எனக்கு. அதை அடகுக்கடையில் வைத்திருந்தால் உனக்கு எத்தனை சனிக்கிழமை கிடைத்திருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன் போல. புவான் போனதும் நீ அதைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினாய். நான் வாங்கிக்கொண்டேன்.

உன் மகள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் புருஷன் உள்ளே வலியில் முனகினான்.

நான் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.