துளைக்காசு

என் நிதிமந்திரிக்கு,

நேற்று ஊர்க்கூட்டத்தில் உன் வீட்டுக்காரன் ரோடு வேண்டாம் என்று கை தூக்கிவிட்டான்.

எரிவாயுக் கம்பெனி இங்கே துளை போடுவதற்குக் கட்டுகிற கட்டணத்தில் ஊர்ப்பங்கு வந்துவிட்டது. எல்லார் வாயிலும் அதற்குத் துளைக்காசு என்றுதான் பெயர். போன தடவை தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூரை. இந்தத் தடவை கடைத்தெருவுக்கு ரோடு என்று முடிவு செய்துகொண்டுதான் எல்லாரும் வந்தார்கள். கம்பெனி லாரி ஓடி ஓடித் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. ரோடு போட்டால் சிமெண்டும் கம்பியும் யார் கடையில் எடுப்பார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டாம்.

நான் எழுந்து, ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் வேண்டும் என்றேன். முதலாளி பொண்டாட்டியைக் கூட்டிவர ஊர்க்காசா என்று கேட்டார் தையல்காரர். ஒரே சிரிப்பு. ஆமாய்யா, அதுக்குத்தான், உங்கப்பாவும் அந்த மெஷினுக்குத்தானே வாரம் மூணு தடவை பஸ்ஸில் தொங்கிக்கிட்டுப் போறார் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மெஷினுக்கு முதலில் கை தூக்கியதும் தையல்காரர்தான்.

உன் தங்கை வீட்டில் வசதிக்குக் குறைவில்லை என்று தெரியும். ஆஸ்பத்திரியும் அடுத்த தெருவில். இங்கே கடை அடைத்தபின் வீடு குடோன் மாதிரி இருக்கிறது. குடோனிலாவது சரக்கு இருக்கிறது. ஆணி வாங்க வருகிறவனைக்கூட நிறுத்திவைத்துப் பேசுகிறேன். பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனால் கோபம் வருகிறது. பஸ் ஏறும்போது, நீங்க கல்லாவையே பாத்துக்கிட்டு இருங்க என்றாயே, அது இன்னும் காதில் இருக்கிறது.

மெஷினுக்கும் நர்ஸுக்கும் காசு உண்டு, கட்டடத்துக்கு இல்லை என்றார் பஞ்சாயத்துச் செயலாளர். கடைக்கு எதிரே உள்ள நம் குடோனைக் காட்டினேன். அதற்காக யாருக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லாரும் வரிசைப்படிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையைத் தள்ளிப்போடாதே.

படிந்த பேரம் இதுதான்: துளைக்காசு வந்துகொண்டிருக்கும்வரை குடோனுக்கு வாடகை இல்லை. வெள்ளையடிப்பது என் செலவு. உன் முறை வருகிற நாளில் ஜன்னலோர நாற்காலி உனக்கு. கல்லாவிலிருந்து அது தெரிகிறதா என்று காலையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தெரிகிறது.

உன்
கடைக்காரன்