நெறஞ்ச அமாவாசை

22-5-2017, திங்கள்
கத்திரி வெயில். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் குழாயில் வெந்நீர்தான்.

பண்ருட்டியிலிருந்து போன். சரவணனின் அம்மா. நம் ஜெனியைப் பெண் கேட்டு வியாழக்கிழமை வருகிறார்களாம். “நெறஞ்ச அமாவாசங்க. அன்னிக்கே பேசி முடிச்சிடலாம்.” பிள்ளைகள் தங்கள் காதலைச் சொல்லி ஒரு வருடமாக வாய் திறக்காதவர்கள். அப்பாடா.

பிலோமினாவுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. “அது செத்தவங்களுக்குப் படைக்கிற நாளுங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணுன்னு மனசில்லாம, இருட்டு நாளாப் பாத்து வர்றாங்க. இந்த இடம் வேணாம்.”

ஜெனி சாப்பிடவில்லை.

23-5, செவ்வாய்
வாங்க: ஃபேன் ரெகுலேட்டர், பேப்பர் கப், பூந்தி (?).

விடிகாலை, கம்பெனி பஸ் ஜன்னலில் தேய்பிறைக் கீற்று. மைன்ஸ் விளக்குகளுக்கு மேலே. என்ன அழகு! நாளை மறுநாள் இது எங்கே போய்விடும்?

ஜெனியிடம் கேட்டேன். ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறவள். அழுத முகத்தோடே சொன்னாள்: “அமாவாசன்னா நிலாவுக்கு லீவு இல்லப்பா. பகல் ஷிஃப்ட். சூரியனோட ஏறி சூரியனோட எறங்கும். வளர்பிறை அரை நிலா செகண்ட் ஷிஃப்ட். பௌர்ணமி நைட் ஷிஃப்ட்.”

அடேயப்பா! சர்வீஸ் முழுக்க ஷிஃப்ட் மாறி மாறிப் போனவனுக்கு இன்றுதான் புரிகிறது. நிலாவும் நம்ம ஆள்தான்.

24-5, புதன்
பிலோமினா இன்னும் வேணாம் என்றுதான் நிற்கிறாள். பூந்தியும் வாங்கவில்லை.

சாயங்காலம் ஜெனி மேஜை விளக்கின் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தாள்.
“எப்பிடி இருக்கும்மா?”
“இருட்டா.”
“எந்திரிச்சு வந்து வெளக்குப் பக்கமாப் பாரு.”
போனாள். நானும் போனேன். பளீரென்று முழு மஞ்சள்!
“அமாவாசையில நிலா இப்பிடித்தாம்மா. அந்தப் பக்கம் நெறஞ்சிருக்கும். நம்ம பக்கந்தான் தெரியாது.”

என் பெண்! நெறஞ்ச அமாவாசை என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரையும் கும்பிட வேண்டும்.

பிலோமினா அந்தப் பழத்தை ரசத்தில் பிழிந்துவிட்டாள்.

25-5, வியாழன்
புழுக்கம். காலையில் ஓடிப்போய் பூந்தி வாங்கினேன்.

வந்தார்கள். பெரிய பலாப்பழத்தோடு. சரவணன் அம்மாவுக்கு முந்திரி உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஜெனி கன்னத்தைத் தொட்டார்கள். “இவன் சொன்ன அன்னிக்கே ஓடியாரணும்னு இருந்துச்சும்மா. வூட்ல சாவு, வருசம் திரும்பணும்னுட்டாங்க. நெறஞ்ச நாளாப் பாத்து வரணும்னு காத்துகினு இருந்தேன்.”

பிலோமினாவைக் காணோம். சமையலறையில், பூந்தித் தட்டும் கையுமாக அழுதுகொண்டிருந்தாள்.
“என்னடி?”
“ஒண்ணுமில்லிங்க. அந்தப் பக்கம் நெறஞ்சுதான் இருக்குது.”