ஆடிக் காற்றும் என் காதும்

ஆடி 4, திங்கள்
விடியும்போதே பேய்க்காற்று. கொமரலிங்கத்திலிருந்து வேலம்பாளையம் பனியன் கம்பெனி வரை, அறுபது கிலோமீட்டருக்கு மேல், வண்டியைப் பிடித்து நிறுத்துவதே பாடு. காதில் ஙொய் என்ற சத்தம் இன்றும். நிட்டிங் மிஷின் இரைச்சல்தான், வேறென்ன.

முதலாளியே காது டாக்டரிடம் கூட்டிப்போனார். இவ்வளவு கரிசனம் எதற்கோ.

டாக்டர் மிஷினைப் பற்றிக் கேட்டது ஒரு வார்த்தை. மீதியெல்லாம் வண்டி. "தெனமும் இத்தனை தூரம் பைக்குங்களா? காத்து இரைச்சல்தாங்க காதைக் கெடுக்குது. ஹெல்மெட் அதைத் தடுக்காதுங்க. மிஷின்கிட்டப் போடற இயர் பிளக்கை வண்டியிலயும் போடுங்க." முதலாளி பக்கத்தில் நின்று தலையாட்டினார். பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆடி 5, செவ்வாய்
தக்காளி, செயின் ஆயில், சோப்பு.

காற்று காதைக் கெடுக்குமாம். மிஷினைச் சொன்னால் முதலாளிக்குத் தலைவலி. காற்று மேல் பழி போட்டால் அது சண்டைக்கா வரும்?

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்குப் பயந்து கம்பெனி கொடுத்த பிளக். மிஷின் ஓடும்போது கழற்றியதே இல்லை. கிளம்பும்போது டிராயரில். ரோட்டில் அதை மாட்டிக்கொண்டு போக நான் என்ன கோமாளியா.

சரசு: "பொய் சொல்லி டாக்டருக்கு என்னங்க ஆகப்போகுது?" கட்டியவளும் அவர்கள் கட்சி. அவள் மெல்லப் பேசினால் இப்போதெல்லாம் உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஆடி 7, வியாழன்
முதலாளியிடம் நேராகவே சொன்னேன். "எனக்கு நிட்டிங் வேண்டாமுங்க. பாலோ-அப் வேலை குடுங்க." துணி பின்னாலேயே டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நாள் முழுக்க வண்டியில் சுற்றும் வேலை. மிஷின் பக்கமே போக வேண்டாம்.

"ஏனுங்க, டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா?"

தடுக்கிறார் பார். மிஷினை விட்டுக் காது தேறினால் குட்டு வெளிப்படுமே. சந்தேகம் தீர்ந்தது. விடவில்லை, வாங்கிவிட்டேன்.

ஆடி 13, புதன்
பாலோ-அப் ஆரம்பித்தாயிற்று. ஙொய் குறையவில்லை. கூடுதலோ? மிஷின் செய்த கேடு, மெல்லத்தான் போகும். காதர்பேட்டையில் பின்னால் வந்த லாரிக்காரன் கத்திவிட்டுப் போனான். ஹாரன் அடித்தானாம். அடித்திருக்க மாட்டான்.

ஆடி 15, வெள்ளி
காற்று அடங்கவே இல்லை. உடுமலைக் கல்லூரியிலிருந்து மகள் ஸ்கூட்டரில் வந்தாள். பனியன் கம்பெனி வாசலை மிதித்தே அறியாதவள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"சத்தமாச் சொல்லுங்கப்பா. வண்டியில வந்தாக் கொஞ்ச நேரம் காதுக்குள்ள ஙொய்யின்னுதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானுங்களே?"

எப்போதிருந்து என்று கேட்டேன். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.